"எத்தனை வாரம்?" – வெளிநாட்டுக் குழந்தைகள் இல்லங்களுக்குத் தன்னார்வலர்களை அனுப்புவோருக்கு ஒரு திறந்த மடல்

வெளிநாட்டுக் குழந்தைகள் இல்லங்களுக்குத் தன்னார்வலர்களை அனுப்பிவைக்கும் நிறுவனங்களை நடத்துவோருக்கு,

வணக்கம்.

உங்களில் ஒருவர் மூலமாகத்தான் நானும் போனேன். எந்த நாடு, எந்த இல்லம் என்று இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அங்கே இருக்கிற பிள்ளைகள் யாரென்று தெரிந்துவிடும். அனுப்பிய நிறுவனத்தின் பெயரையும் விட்டுவிடுகிறேன். இது ஒரே நிறுவனத்தோடு முடிகிற விஷயம் இல்லை. அதே மாதிரிக் கையேடு, சிரிக்கும் குழந்தைகளின் அதே மாதிரிப் படங்கள், அதே இரண்டு வாரத் திட்டம் இன்னும் பலரிடம் இருக்கின்றன. அதனால்தான் எல்லோருக்கும் பொதுவாக எழுதுகிறேன்.

முதல் நாள் காலையில் வண்டியிலிருந்து இறங்கி நான் பையைக் கீழே வைப்பதற்குள் ஒரு சின்னப் பெண் ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டாள். நான்கு வயது இருக்கும். என் பெயர் அவளுக்குத் தெரியாது, என் முகத்தைக்கூட இன்னும் சரியாகப் பார்க்கவில்லை. இரண்டு கைகளையும் மேலே நீட்டினாள். தூக்கினேன். தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு அப்படியே இருந்துவிட்டாள். அன்று இரவு அழுதேன். "இந்தப் பிள்ளைகளிடம் எவ்வளவு அன்பு இருக்கிறது தெரியுமா?" என்று வீட்டுக்கு எழுதினேன்.

அதே நேரத்தில் கதவு நிலையில் சாய்ந்தபடி ஒரு பையன் நின்றுகொண்டிருந்தான். பத்து வயது சொல்லலாம். அவன் கிட்டே வரவில்லை. நான் சிரித்தேன், அவன் சிரிக்கவில்லை. "எத்தனை வாரம்?" என்று மட்டும் ஆங்கிலத்தில் கேட்டான். இரண்டு என்றேன். தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டான். நான் இருந்த 14 நாளும் அவன் என் பெயரைக் கேட்கவில்லை.

அந்தப் பெண் அன்பானவள், அந்தப் பையன் கொஞ்சம் முரடு என்றுதான் அப்போது நினைத்தேன். ஊருக்குத் திரும்பி, படித்து, கேட்டு, பல நாள் யோசித்த பிறகுதான் இருவருக்கும் இருப்பது ஒரே காயம் என்று புரிந்தது. அவன் வயதுக்கு வரும்போது அவளும் கதவோரம்தான் நிற்பாள்.

நீங்கள் இந்தத் துறையில் இருப்பவர்கள், ருமேனியாவில் நடந்த ஆய்வைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1989-ல் சர்வாதிகாரி சௌசெஸ்குவின் ஆட்சி கவிழ்ந்தபோது அந்த நாட்டின் அரசு இல்லங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் கிடந்தார்கள். பின்னர், 2000-களின் தொடக்கத்தில், சார்லஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்லஸ் ஸீனா ஆகிய மூவரின் குழு தலைநகர் புக்கரெஸ்டின் இல்லங்களிலிருந்து 136 சின்னக் குழந்தைகளை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தது. மற்றவர்கள் வழக்கமான பராமரிப்பில் இருந்தார்கள். நாலரை வயதில் சோதித்தபோது இல்லத்துக் குழந்தைகளின் சராசரி அறிவுத்திறன் எண் (ஐ.கியூ.) 73. வளர்ப்புக் குடும்பத்துக்குப் போனவர்களுக்கு 81. பிறந்ததிலிருந்தே வீட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்கு 109. இரண்டு வயதுக்குள் குடும்பத்துக்குப் போன குழந்தைகள் கூடுதலாகத் தேறினார்கள்.

எண்களைவிட என்னை உலுக்கியது அதே ஆய்வில் செய்த ஒரு சின்னச் சோதனை. முன்பின் தெரியாத ஒருவர் கதவுக்கு வந்து, "என்னோடு வா, உனக்கு ஒன்று காட்டுகிறேன்" என்று குழந்தையைக் கூப்பிடுவார். வீட்டில் வளர்ந்த குழந்தைகளில் மிகச் சிலரே போனார்கள். இல்லத்துக் குழந்தைகளில் பலர் திரும்பிக்கூடப் பார்க்காமல் பின்னால் நடந்தார்கள்.

அதைப் படித்தபோது எனக்கு அந்தப் பெண்ணின் நீட்டிய கைகள்தான் நினைவுக்கு வந்தன. வீட்டில் வளர்கிற நாலு வயதுப் பிள்ளை புது ஆளைக் கண்டால் என்ன செய்யும்? அம்மாவின் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு எட்டிப் பார்க்கும். இவர் நம்மவர், இவர் புதியவர் என்று அதற்குத் தெரியும். நம்மவர் என்று ஒருவர் நிலையாக இருந்தால்தானே அந்தப் பிரிவினை மனசில் உண்டாகும்? அப்படி யாரும் இல்லாத குழந்தை வருகிற எல்லோரிடமும் ஓடும். அதைத்தான் நீங்கள் படம் பிடித்து, "அன்புக்காக ஏங்கும் பிஞ்சுகள் உங்களுக்காகக் காத்திருக்கின்றன" என்று அச்சடிக்கிறீர்கள். நானும் அதை நம்பித்தான் வந்தேன்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டு வாரத்துக்கு ஒரு குழு என்றால் வருஷத்துக்கு 26 குழுக்கள். நாலு வயதில் அங்கே வருகிற பிள்ளை பத்து வயது வரை இருந்தால் 156 முறை புது ஆட்களிடம் ஒட்டிக்கொண்டு, 156 முறை வழியனுப்ப வேண்டும். ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் அழுதுகொண்டே "உன்னை மறக்கவே மாட்டேன், திரும்ப வருவேன்" என்று சொல்லிவிட்டுப் போவார். நானும் சொன்னேன். திரும்பப் போகவில்லை.

அந்த இல்லத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு சுவர் உண்டு. கிளம்புகிற தன்னார்வலர்கள் எல்லோரும் உள்ளங்கையில் சாயத்தைப் பூசி அதில் பதித்து, கீழே பெயரும் தேதியும் எழுதுவார்கள். எனக்கு இடம் தேடிக் கொடுப்பதற்கே கொஞ்ச நேரம் ஆயிற்று, சுவர் அவ்வளவு நிரம்பியிருந்தது. அந்த நேரத்தில் அது மனசை நெகிழவைத்தது. இப்போது யோசிக்கிறேன்: அந்தப் பிள்ளைகள் ஒருநாளைக்கு மூன்று வேளை அந்தச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். ஒரு பிள்ளையின் கைகூட அதில் இல்லை.

நான் என்ன வேலை செய்தேன் என்றும் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலம் கற்றுக்கொடுத்தேன். எனக்கு ஆசிரியர் பயிற்சி கிடையாது, அவர்கள் மொழியும் தெரியாது. முதல் நாள் நிறங்களின் பெயர்களில் ஆரம்பித்தேன். பிள்ளைகள் நான் சொல்வதற்கு முன்பே வரிசையாக ஒப்பித்துவிட்டார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள் என்று பூரித்துப்போனேன். அப்புறம்தான் புரிந்தது, எனக்கு முன்னால் வந்தவரும் நிறங்களில்தான் ஆரம்பித்திருக்கிறார், அவருக்கு முன்னால் வந்தவரும் அப்படியே. யாரும் நிறங்களைத் தாண்டிப் போக நேரம் இருந்ததில்லை. ஒன்பது வயதுப் பையன் ஒருவன் பத்து நிறங்களையும் ஆங்கிலத்தில் சொன்னான், தன் தாய்மொழியில் ஒரு வரியைக் கோர்வையாகப் படிக்கத் திணறினான். அவனுக்கு வேண்டியது அவன் மொழி தெரிந்த, வருஷம் முழுக்க இருக்கிற ஓர் ஆசிரியர். அந்த ஊரில் அப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள், வேலை தேடிக்கொண்டும் இருந்தார்கள். அந்த இடத்தில் நான் நின்றேன், அதற்குக் கட்டணமும் கட்டினேன்.

பிறகு, அந்தத் தாய்.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை வாசல் கேட்டுக்கு வெளியே ஒரு பெண் நின்றிருந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதில் ஒரு சட்டை, கொஞ்சம் பழம். அரை மணி நேரம் நின்றார். முதல் நாள் என் காலைக் கட்டிக்கொண்ட அந்தச் சின்னப் பெண்ணைக் கூட்டிவந்தார்கள். அவர் குனிந்து அவள் தலைமுடியைக் கோதிவிட்டார், சட்டையை அவள் தோளில் வைத்து அளவு பார்த்தார். அவள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு என்னிடம் ஓடிவந்தாள். பெற்ற தாயை விட்டுவிட்டு, பத்து நாள் பழகிய என்னிடம். அந்த அம்மாவின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அங்கே சமையல் பார்த்த அக்காவிடம் கேட்டேன். அவளுடைய அம்மாதான் என்றார். அப்பா இல்லை, அம்மா கூலி வேலைக்குப் போகிறார், வீட்டில் இருந்தால் பள்ளிக்கு அனுப்ப வழியில்லை, இங்கே விட்டால் படிக்கவைப்போம், மூன்று வேளை சாப்பாடு போடுவோம் என்று சொன்னார்கள், விட்டுவிட்டுப் போனார். இல்லத்தின் பெயர்ப்பலகையில் அநாதைக் குழந்தைகள் என்று எழுதியிருந்தது. நீங்கள் எனக்கு அனுப்பிய கையேட்டிலும் அப்படித்தான் இருந்தது. என் இரண்டு வாரக் கட்டணத்தைக் கொண்டு அந்தப் பெண்ணை வீட்டிலேயே வைத்து ஒரு வருஷத்துக்கு மேல் படிக்கவைத்திருக்கலாம் என்று அதே அக்கா சொன்னார். குத்திக்காட்டிச் சொல்லவில்லை, கணக்குத் தெரிந்தவர் சொன்னார்.

இது அந்த ஓர் இல்லத்தில் மட்டும் நடக்கிறதா? உலகம் முழுக்க இப்படிப்பட்ட இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் ஐந்தில் நால்வருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருக்கிறார் என்று குழந்தைகள் நல அமைப்புகள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகின்றன. கம்போடியாவில் 2005-லிருந்து 2010-க்குள் குழந்தைகள் இல்லங்களின் எண்ணிக்கை 75 சதவீதம் உயர்ந்து 269 ஆயிற்று. அந்த ஐந்து ஆண்டுகளில் அங்கே பெரும் போரோ பெரும் பஞ்சமோ இல்லை. ஏறியது சுற்றுலாப் பயணிகளின் வரத்து. அந்த இல்லங்களில் இருந்த பிள்ளைகளில் ஏறக்குறைய நாலில் மூன்று பங்கினர் பெற்றோரில் ஒருவராவது உள்ளவர்கள். பிறகு அங்கே "குழந்தைகள் சுற்றுலாக் காட்சிப் பொருள் அல்ல" என்று பிரச்சாரமே செய்ய வேண்டியதாயிற்று.

நேபாளத்தில் 1996 முதல் 2006 வரை நடந்த உள்நாட்டுப் போரின்போது, ஹும்லா போன்ற எட்டாத மலை மாவட்டங்களுக்குத் தரகர்கள் போனார்கள். பிள்ளையைப் போரிலிருந்து காப்பாற்றுகிறோம், நகரத்தில் நல்ல பள்ளியில் சேர்க்கிறோம் என்று சொல்லிப் பெற்றோரிடம் பணமும் வாங்கிக்கொண்டார்கள். காத்மாண்டுக்கு வந்ததும் அந்தப் பிள்ளைகளின் கையில் பெற்றோர் இறந்துவிட்டதாகச் சொல்லும் பொய்த்தாள்கள். காகிதத்தில் மட்டும் அநாதைகள். அந்த நாட்டில் பெரும்பாலான இல்லங்கள் எங்கே இருக்கின்றன என்று வரைபடத்தில் பாருங்கள்: காத்மாண்டு பள்ளத்தாக்கு, போக்ரா, சித்வன். ஏழ்மை மிகுந்த மாவட்டங்கள் அவை அல்ல, வெளிநாட்டார் மிகுதியாக வருகிற இடங்கள். 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்துக்குப் பிறகு, பெற்றோரோ உரிய அனுமதியோ இல்லாமல் பிள்ளைகளை மாவட்டம் விட்டு மாவட்டம் கொண்டுபோவதற்கும் புதிய இல்லங்கள் திறப்பதற்கும் அரசு தடை போட வேண்டிவந்தது. உதவ ஆட்கள் கிளம்பிவிட்டால் அவர்களுக்காகப் பிள்ளைகளைத் திரட்டவும் ஆட்கள் கிளம்பிவிடுவார்கள் என்று அரசுக்கு அதற்குள் நன்றாகத் தெரிந்திருந்தது.

"நாங்கள் நல்ல இல்லங்களை மட்டுமே தேர்ந்தெடுக்கிறோம்" என்பீர்கள். நான் போன இல்லமும் கெட்ட இல்லம் இல்லை. அடி கிடையாது, பட்டினி கிடையாது, பராமரிப்பாளர்கள் ராப்பகலாக உழைத்தார்கள். அவர்கள் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் பிள்ளைகள் நிறைந்திருந்தால்தான் எங்களைப் போன்றவர்கள் வருவோம், நாங்கள் வந்தால்தான் பணம் வரும். இப்படி ஓர் ஏற்பாட்டில் மிக நல்ல மனிதருக்குக்கூடப் பிள்ளையைத் தாயிடம் திருப்பி அனுப்ப மனசு வராது. அங்கே இருந்த ஒரு சமூகப் பணியாளர் இதை என்னிடம் வாய்விட்டே சொன்னார்.

பாதுகாப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. என்னிடம் கடவுச்சீட்டு நகலும் ஒரு கடிதமும் மட்டும்தான் கேட்டீர்கள். காவல்துறைச் சான்று கேட்கவில்லை. போன மறுநாளே சின்னக் குழந்தைகளைக் குளிப்பாட்டும் வேலையைக் கொடுத்தார்கள். எந்த ஊரிலாவது முன்பின் தெரியாத ஒருவரை ஒரு பள்ளியின் குளியலறைக்குள் இப்படி விடுவார்களா? நைரோபியில் ஒரு குழந்தைகள் இல்லத்துக்குத் தன்னார்வலராகப் போய் அங்கிருந்த பிள்ளைகளிடம் பாலியல் குற்றம் செய்த அமெரிக்க இளைஞர் ஒருவருக்கு 2016-ல் அமெரிக்க நீதிமன்றம் 40 ஆண்டு சிறைத் தண்டனை கொடுத்தது. உங்கள் பட்டியலில் இருப்பவர்களில் அநேகமாக எல்லோரும் நல்லவர்கள்தான். ஆனால் அந்த ஒருவரைத் தடுக்க உங்களிடம் என்ன இருக்கிறது?

தன்னார்வலர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்களில் பலர் இருபது வயதுப் பிள்ளைகள். தங்கள் விடுமுறையை, சேமிப்பைக் கொண்டுவந்து கொட்டி, "நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் இடத்தில் நீங்கள்தான் இருக்கிறீர்கள்.

2009-ல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற, பெற்றோரின் பராமரிப்பு கிடைக்காத பிள்ளைகளுக்கான மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டுதல்கள், வறுமை ஒன்றை மட்டுமே காரணம் காட்டிப் பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக்கூடாது என்கின்றன. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைக் குடும்பச் சூழலில்தான் வளர்க்க வேண்டும் என்கின்றன. 2019 டிசம்பரில் அதே பொதுச்சபை, சுற்றுலாவை ஒட்டி இல்லங்களில் நடக்கும் தன்னார்வத் திட்டங்களால் வரும் தீங்கைத் தடுக்க வேண்டும் என்று வெளிப்படையாகவே தீர்மானம் போட்டது. ஆஸ்திரேலியா அதற்கு முன்பே, 2018-ல் நவீன அடிமைமுறைச் சட்டம் கொண்டுவந்தபோது, இல்லங்களை நிரப்புவதற்காகப் பிள்ளைகளைக் கடத்துவதை அடிமைமுறையில் சேர்த்துப் பார்த்தது. உங்கள் துறையிலேயே சில நிறுவனங்கள் இல்லங்களுக்கு ஆள் அனுப்புவதை நிறுத்திவிட்டன. ஆக, தெரியாது என்று சொல்ல இனி யாருக்கும் வழியில்லை.

சரி, நான் என்ன கேட்கிறேன்? நாளைக்கே எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஓடிவிடாதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். பணம் திடீரென்று நின்றால் அந்தச் சமையலறையில் அடுப்பு நின்றுவிடும், அந்தப் பிள்ளைகள் இன்னும் மோசமான ஓர் இடத்துக்குத் தள்ளப்படுவார்கள். முதலில் புதிய தன்னார்வலர்களைப் பிள்ளைகளிடம் அனுப்புவதை நிறுத்துங்கள். ஆனால் இல்லத்துக்குப் போய்க்கொண்டிருந்த தொகையை ஒரு குறிப்பிட்ட காலத்துக்காவது தொடர்ந்து கொடுங்கள், கொடுக்கும்போது அதன் வேலையை மாற்றுங்கள். உள்ளூர்ச் சமூகப் பணியாளர்களுக்குச் சம்பளம் கொடுங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் யார் இருக்கிறார்கள் என்று அவர்கள் தேடட்டும். அம்மா இருக்கலாம், பாட்டி இருக்கலாம், சித்தப்பா இருக்கலாம். வீட்டுக்குப் போனால் பள்ளிக்கட்டணத்துக்கு வழி என்ன, அம்மா வேலைக்குப் போகும்போது பிள்ளையைப் பார்த்துக்கொள்வது யார் என்று ஒவ்வொன்றாக அவிழ்க்கட்டும். சில பிள்ளைகளுக்கு வீடு பாதுகாப்பான இடமாக இருக்காது. அவர்களுக்கு வளர்ப்புக் குடும்பம் தேட வேண்டும். இதற்கு மாதங்கள் ஆகும், சில பிள்ளைகளுக்கு வருஷங்கள் ஆகும். வீட்டுக்கு அனுப்பிய பிறகும் போய்ப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

நடக்காத காரியம் இல்லை இது. ருவாண்டாவில் 2012-ல் எண்ணிப் பார்த்தபோது 33 இல்லங்களில் 3,300-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் இருந்தார்கள். 1994 இனப்படுகொலையைத் தாங்கிய ஒரு நாடு, அநாதைகளுக்கு இல்லம் வேண்டும் என்று சொல்ல அவர்களுக்கு எல்லாக் காரணமும் இருந்தது. ஆனால் பிள்ளைகளைக் குடும்பத்தில் வளர்ப்போம் என்று முடிவெடுத்து, இல்லங்களை ஒவ்வொன்றாக மூடத் தொடங்கினார்கள். அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலானோர் சொந்தக் குடும்பத்துக்கோ வளர்ப்புக் குடும்பத்துக்கோ போனார்கள். அங்கேயும் தன்னார்வலர்கள்தான் பெரிய பலம். "குடும்பத்தின் நண்பர்கள்" என்று பொருள்படும் பெயரில் ஊருக்கு இருவர், ஓர் ஆண், ஒரு பெண், நாடு முழுக்க 29,000-க்கும் மேற்பட்டோர். அதே ஊரில் பிறந்து, அதே மொழி பேசி, அடுத்த வாரமும் அடுத்த வருஷமும் அங்கேயே இருக்கப்போகிறவர்கள். எந்த வீட்டில் கஷ்டம், எந்தப் பிள்ளை பள்ளிக்கு வரவில்லை என்று அவர்களுக்குத் தெரியும்.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு வேலையே இல்லை என்று நான் சொல்லவில்லை. பேச்சுப் பயிற்சியாளரோ இயன்முறை மருத்துவரோ போகட்டும், பிள்ளையைத் தொடுவதற்குப் பதிலாக நிரந்தரமாக அங்கே இருக்கிற பராமரிப்பாளருக்குத் தன் வித்தையைக் கற்றுக்கொடுத்துவிட்டு வரட்டும். கணக்குத் தெரிந்தவர் குடும்பங்களோடு வேலை செய்கிற அமைப்பின் கணக்கை ஒழுங்குபடுத்திக் கொடுக்கட்டும். அதில் கட்டிக்கொள்ளும் குழந்தை இருக்காது, அதனால் ஆட்கள் குறைவாகத்தான் வருவார்கள். உங்கள் வருமானம் குறையும். அது எனக்குத் தெரிந்துதான் கேட்கிறேன்.

இன்னும் ஒன்று, எனக்காகக் கேட்பது. இது என்னை அனுப்பிய நிறுவனத்துக்கு.

கிளம்புவதற்கு முன் ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கினீர்கள், என் படங்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்தச் சம்மதம் என்று. போட்டேன். போன மாதம் ஒரு தோழி உங்கள் புதிய கையேட்டைக் காட்டினாள். மூன்றாம் பக்கத்தில் நான் இருக்கிறேன், என் தோளில் அந்தப் பெண். என் சம்மதம் உங்களிடம் இருக்கிறது. அவளுடையது இல்லை, அவள் அம்மாவுடையதும் இல்லை. அந்த அம்மாவை யாரும் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அந்தப் படம் எடுத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் அப்போது கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். என் கையெழுத்தை இந்தக் கடிதத்தோடு திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள். அவள் இப்போது எங்கே இருக்கிறாள், அம்மாவிடம் போய்விட்டாளா என்று விசாரித்து எனக்கு எழுதுங்கள். இதற்கு முன் இரண்டு முறை கேட்டுவிட்டேன், அடுத்த பயணத்தின் தேதிகளைத்தான் அனுப்பினீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் மூலமாக இரண்டு வாரம் போய்வந்த ஒருத்தி